உப்புப் பார்க்க மட்டுமா இந்த நாக்கு?

எனக்கு ரம் பிடிக்கும். கோலாவில் கலந்து மடக்மடக்கென்று குடித்துத் தீர்க்கிற ரம்மைச் சொல்லவில்லை. ஓக் பீப்பாயில் 12 ஆண்டு கிடந்து முதிர்ந்த ஜமைக்கா ரம். 30 மில்லி ஊற்றினால் ஒரு மணி நேரம் வைத்திருப்பேன்.

இதைச் சொன்னால் இரண்டு கேள்விகள் வரும். ஆண்கள் கேட்பது: "உங்களுக்கெல்லாம் ஒயின் போதாதா?" பெண்கள் கேட்பது: "குடியால் இத்தனை குடும்பம் நாசமாகும்போது இதைப் பெருமையாகச் சொல்லலாமா?" முதல் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடலாம். இரண்டாவதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

முதலில் நாக்கைப் பற்றிப் பேசுவோம். குழம்பில் உப்புச் சரியா, பால் திரிந்துவிட்டதா, நெய் பதம் வந்துவிட்டதா, மீன் நேற்றையதா? வீட்டில் இத்தனைக்கும் பெண்ணின் மூக்கும் நாக்கும்தான் தீர்ப்புச் சொல்கின்றன. அந்தத் திறமைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை, கூலியும் தரவில்லை. அதே மூக்கு ஒரு மதுக் குவளையின் பக்கம் போனால் மட்டும் ஊர் விழித்துக்கொள்கிறது. ஆணிடம் அதற்கு ரசனை என்று பெயர். பெண்ணிடம் ஒழுக்கக்கேடு.

ரம் 'ஆம்பளைச் சரக்கு' என்பவர்களுக்கு ஒரு செய்தி. ஜமைக்காவின் ஆப்பிள்டன் எஸ்டேட்டில் 1749 முதல் ரம் காய்ச்சுகிறார்கள். வேதியியல் படித்து, அதையே கற்பித்தும் வந்த ஜாய் ஸ்பென்ஸ் 1981இல் அந்த நிறுவனத்தில் தலைமை வேதியியலாளராகச் சேர்ந்தார். 1997இல் மாஸ்டர் பிளெண்டர் ஆனார். எந்தப் பீப்பாயை எதனோடு எவ்வளவு சேர்ப்பது என்று முடிவு சொல்லும் பதவி அது. மதுத் தொழிலில் உலகிலேயே அந்த இடத்துக்கு வந்த முதல் பெண்ணாக அறியப்படுகிறவர் அவர். மீசையை முறுக்கிக்கொண்டு மெச்சுகிற அந்தப் பாட்டிலுக்குள் இருப்பது ஒரு பெண்ணின் மூக்கு சொன்ன தீர்ப்பு.

முதிர்ந்த ரம்மை அறிய ஆண்மை வேண்டாம், பொறுமை போதும். வாய் குறுகிய குவளையில் ஊற்றிக் கொஞ்ச நேரம் விடவேண்டும். மூக்கை உள்ளே நுழைத்தால் ஆல்கஹால் நெடி மட்டும் ஏறும். சற்றுத் தள்ளி வைத்து, வாயை லேசாகத் திறந்து முகரவேண்டும். ஆரஞ்சுத் தோல், ஜாதிக்காய், வெனிலா, மரம் என்று ஒவ்வொன்றாக வரும். முதல் மிடறு நாக்கைப் பழக்கத்தான். இரண்டாவதில்தான் சுவை தெரியும். சில துளி தண்ணீர் விட்டால் இன்னொரு கதவு திறக்கும்.

இந்தச் சுவைகளுக்குப் பெயர் சொல்ல ஆண்கள் சுருட்டையும் தோல் நாற்காலியையும் தேடுவார்கள். எனக்கு அந்தச் சொற்கள் தேவைப்படவில்லை. கருப்பட்டிப் பாகு, கனிந்து கறுத்த வாழைப்பழம், லேசாகப் புளித்த மாவு எல்லாம் என் நினைவில் ஏற்கெனவே இருக்கின்றன. ஜமைக்கா ரம்மின் கனிந்த பழ வாசனைக்குக் காரணம் நொதித்தலில் உருவாகும் எஸ்டர்கள். நொதித்தலின் வாசனையைத் தோசை மாவு புளிக்கவைக்கும் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அறிந்தவளை ஏமாற்றவும் முடியாது. ஜமைக்கா ரம் பாட்டிலில் 12 என்று இருந்தால், கலவையில் மிக இளையதற்கே அந்த வயது. வேறு சில நாடுகளின் பாட்டில்களில் அந்த எண் மிக மூத்த துளியின் வயதாக இருக்கலாம். சர்க்கரையைச் சேர்த்து முதிர்ச்சிபோலக் காட்டுகிறவர்களும் உண்டு.

பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவதைத் 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். ஸ்காட்லாந்தின் குளிரில் அது ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். ஜமைக்கா வெயிலில் சுமார் 6 சதவீதம். 12 ஆண்டில் பாதி காலி. தேவதைகளுக்கு இவ்வளவு கணக்குப் பார்த்துப் பங்கு வைத்த தொழில் கரும்பு வெட்டியவளுக்கு என்ன வைத்தது? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜமைக்காவின் கரும்பு வயல்களில் உழைத்த அடிமைகளில் பெண்களே அதிகம். ஆலைக்குக் கரும்பு ஊட்டியபோது உருளைகளுக்கு இடையில் சிக்கிக் கை நசுங்கியவர்கள் உண்டு. அடிமைமுறை ஒழிந்ததும் 1838இல் பிரிட்டிஷ் கயானாவுக்கும் 1845இல் ஜமைக்காவுக்கும் இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். மதராஸிலிருந்தும் கப்பல்கள் போயின. அந்தப் பெண்களின் ரத்தத்தில் வளர்ந்த பானத்தைப் பெண் தொடக்கூடாது என்று சொல்ல எவருக்கும் தகுதியில்லை.

இப்போது இரண்டாவது கேள்வி. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை அரசின் கையில் இருக்கிறது. 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மதுக்கடைக்கு எதிராகப் போராடிய பெண்ணைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்தார். நான் அறை வாங்கிய பெண்ணின் பக்கம். கூலியைக் கடையில் கொட்டிவிட்டு வந்து அடிக்கிறவன்மீதும், அந்தக் கொட்டலில் கஜானா நிரப்பும் அரசின்மீதும் அவருக்கு இருந்த கோபம் எனக்கும் உண்டு.

ஆனால் தோழிகளே, இதையும் கவனியுங்கள். ஆண் குடித்துவிட்டு அடித்தால், "அவன் நல்லவன்தான், குடிதான் கெடுத்தது" என்கிறார்கள். குடித்திருந்த பெண்ணை ஒருவன் சிதைத்தால், "அவள் ஏன் குடித்தாள்?" என்கிறார்கள். ஒரே மது அவனுக்கு மன்னிப்பு, அவளுக்குக் குற்றப்பத்திரிகை. இந்த நீதியைக் கட்டிக்காக்கும் வேலையை நாம் செய்யவேண்டாம். அடித்தவனின் குற்றத்தை அவன்மீதே வையுங்கள்.

யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. மது உடலுக்குக் கேடு. அதில் ஆண் உடல், பெண் உடல் என்று விலக்கில்லை. வேண்டாம் என்று குவளையைத் தள்ளிவைக்கிற பெண்ணும் தன் தீர்ப்பைத்தான் சொல்கிறாள். அந்தத் தீர்ப்பு அவளுடையதாக இருக்கட்டும். மாமியாருக்கோ, பக்கத்து வீட்டுக்கோ, பண்பாட்டுக்கோ பயந்து சொன்னதாக இருக்கவேண்டாம்.