வாங்குமுன் ஒரு வார்த்தை: மலைச் சைக்கிளின் முன் ஃபோர்க்

சென்ற இதழில் மழைக்கோட்டுகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த சங்கத்து அன்பர் ஒருவர், ஞாயிறன்று நூலக அறையில் நம்மைப் பிடித்துக்கொண்டார். "மழைக்கோட்டு இருக்கட்டும், சார். என் மகன் மலைச் சைக்கிள் வேண்டுமென்று மூன்று மாதமாக மன்றாடுகிறான். முன்னால் 'ஷாக்கர்' இருந்தே தீரவேண்டுமாம். எட்டாயிரம் ரூபாய்ச் சைக்கிளிலும் ஷாக்கர் இருக்கிறது. எண்பதாயிரம் ரூபாய்ச் சைக்கிளிலும் ஷாக்கர் இருக்கிறது. எதை நம்பிப் பணத்தைக் கொடுப்பது?" என்று கேட்டார்.

இக்கேள்விக்கு விடை தேடும் கடமை நமக்கு உண்டு. 2022-ஆம் ஆண்டு நம் தமக்கையின் புதல்வனுக்கு இவ்வூர்க் கடையொன்றில் அத்தகைய சைக்கிளை வாங்கிக் கொடுத்தவர்கள் நாமே. தடித்த குழாய்கள், பளபளக்கும் வண்ணம், முன்புறம் இரண்டு ஸ்பிரிங்குகள். பார்த்த மாத்திரத்தில் மயங்கிவிட்டோம். இரண்டாம் மாதம் வேதாள் டேக்டியின் சரளைக்கல் இறக்கத்தில் சக்கரம் துள்ளித் துள்ளி, திருப்பத்தில் நிலம் தொடாமல் போயிற்று. பிள்ளையின் முழங்கையில் ஆறு தையல். கட்டோடு படுத்திருந்தவன் நம்மைப் பார்த்து, "ஷாக்கர் இருக்கிறதே, மாமா, அதனால்தான் பயமில்லாமல் வேகமாக வந்தேன்" என்றான். அந்தச் சொல் இன்னும் நம் காதில் ஒலிக்கிறது. ஆகவே, அதற்குப் பின் கற்றுக்கொண்டதை அன்பர்களுக்கு முன்வைக்கிறோம்.

இரண்டு வேலைகள்

கடைக்காரர்கள் 'சஸ்பென்ஷன் ஃபோர்க்' என்பது, முன் சக்கரத்தைத் தாங்கும் கவையே. அதன் உட்குழாய்கள் இரண்டும் வெளிக்குழாய்களுக்குள் இறங்கி ஏறும். அதற்கு வேலைகள் இரண்டு. ஒன்று, அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது. இதை ஸ்பிரிங்கோ, அடைபட்ட காற்றோ செய்யும். மற்றொன்று, வாங்கிய அதிர்ச்சியை அடக்குவது. ஸ்பிரிங்கு அடக்கம் அறியாதது. வாங்கியதை அப்படியே திருப்பி உதைக்கும். குழாய்க்குள் எண்ணெயை வைத்து, அதைச் சிறு துளைகளின் வழியே மெல்லப் புகச் செய்தால்தான் அந்த உதை தணியும்.

நமது ரயில் பெட்டியையே பாருங்கள். பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையின் பெட்டிகளில், அச்சுக்கு மேல் நிற்கும் ஸ்பிரிங்குகளுக்கு நடுவே எண்ணெய் நிறைந்த குவளை போன்ற அமைப்பு உண்டு. அது இல்லையெனில் பெட்டி தண்டவாளத்தின் மேல் தொட்டிலாட்டம் ஆடிக்கொண்டே போகும். மலிவான ஃபோர்க்குகள் பலவற்றில் இல்லாதது அந்த எண்ணெய்தான். நம் பிள்ளையை வீழ்த்தியதும் அந்தக் குறையே.

இது புதிய அறிவன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மாரின் மாவட்டத்து மலைப்பாதைகளில் 1970-களில் இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் இறங்கிப் பழகினார்கள். 1976-இல் அங்கே தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபாக்' என்று பெயர். ஓர் இறக்கம் முடிந்ததும் பின்சக்கரப் பிரேக்கிலுள்ள கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், மீண்டும் அடைக்கவேண்டும். அதனால் வந்த பெயர் அது. அவர்களிடம் சஸ்பென்ஷன் ஏதும் இல்லை. 1989-இல் பால் டர்னர், ஸ்டீவ் சைமன்ஸ் இருவரும் 'ராக்ஷாக்ஸ்' நிறுவனத்தின் 'ஆர்.எஸ்.1' ஃபோர்க்கை வெளியிட்டார்கள். அது அமுங்கியது 50 மில்லிமீட்டருக்கும் குறைவே. ஆயினும், காற்றும் எண்ணெயும் சேர்ந்தே அதில் இருந்தன. முதல் ஃபோர்க்கிலேயே இருந்த ஒன்றை விட்டுவிட்டு, வடிவத்தை மட்டும் இன்று நமக்கு மலிவாக விற்கிறார்கள்.

படிப்படியாக ஓர் ஒப்பீடு

முதற்படி, சாதாரணச் சைக்கிள்களில் வரும் பெயரற்ற ஸ்பிரிங் ஃபோர்க்குகள். எண்ணெய் இல்லை, எடை மிகுதி. சஸ்பென்ஷன் இல்லாத எஃகுக் கவை ஏறத்தாழ ஒரு கிலோதான். இவற்றில் பல இரண்டரைக் கிலோவை எட்டும். அந்த மிகுதி எடையை ஏற்றத்தில் சுமப்பவன் பிள்ளை.

இரண்டாம்படி, 'சன்டூர்' நிறுவனத்தின் எக்ஸ்.சி.டி., எக்ஸ்.சி.எம். முதலியன. வேலைப்பாடு நேர்த்தியானது, உதிரிப் பாகம் கிடைக்கும். பெரும்பாலும் ஸ்பிரிங் வகை. எடையும் இரண்டரைக் கிலோவை ஒட்டியே இருக்கும். நகரச் சாலைக்கும் மண்பாதைக்கும் போதுமானவை. கடினமான இறக்கங்களுக்காக இவற்றை வாங்கவேண்டாம்.

மூன்றாம்படியில்தான் ஃபோர்க் என்ற பெயருக்குப் பொருள் பிறக்கிறது. சன்டூரின் எக்ஸ்.சி.ஆர். காற்று வகை, ராக்ஷாக்ஸின் ஜூடி, ரீகான் ஆகியவை இவ்வகை. இவை காற்றில் நிற்பவை, எண்ணெயால் அடக்கப்படுபவை. மீளும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு காலின் அடியில் இருக்கும். எடை இரண்டு கிலோவை ஒட்டி வரும். உட்குழாயின் குறுக்களவு ஜூடியில் 30 மி.மீ.; ரீகானில் 32 மி.மீ. குழாய் தடித்தால் திருப்பத்தில் நெளிவு குறையும்.

நான்காம்படி, ராக்ஷாக்ஸின் சிட், பைக். ஃபாக்ஸ் நிறுவனத்தின் 34, 36. ஃபாக்ஸ் வகைகளின் எண், உட்குழாயின் குறுக்களவை மில்லிமீட்டரில் சொல்வதே. சிட் போன்ற பந்தய வகை ஒன்றரைக் கிலோவை ஒட்டியே நிற்கும். ஆனால் இரண்டாம்படியிலிருந்து மூன்றாம்படிக்கு ஏறும்போது கிட்டும் நன்மை, மூன்றிலிருந்து நான்குக்கு ஏறும்போது கிட்டுவதில்லை. அங்கே நாம் பணம் கொடுப்பது சில நூறு கிராம் எடைக் குறைவுக்கும், நுண்ணிய திருகுகளுக்கும், நீண்ட இறக்கங்களில் தளராத உறுதிக்குமே. பந்தயத்தில் இறங்குபவருக்கு அது தேவை. ஞாயிற்றுக்கிழமைதோறும் சிம்மகட் அடிவாரம் வரை போய்வருபவருக்கு மூன்றாம்படியே உத்தமம்.

காற்றில் ஒரு குடும்ப லாபம்

ஸ்பிரிங்கு சராசரி எடையுள்ள ஒரு பெரியவரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. நாற்பது கிலோ எடையுள்ள சிறுவன் அமர்ந்தால் அது அசைவதே இல்லை. மேலேயுள்ள திருகைத் திருப்பினால் சரியாகுமே என்பார்கள். அது ஸ்பிரிங்கைத் தொடக்கத்தில் சற்று இறுக்குமேயன்றி, அதன் வலிமையை மாற்றாது. காற்று வகையிலோ, ஆள் எடைக்குத் தக்கபடி அடித்துக்கொள்ளலாம். பிள்ளை வளர வளரக் காற்றும் வளரும். ஒரு நாள் தந்தையும் அதே சைக்கிளை ஏற்றிறக்கி ஓட்டலாம். இதற்கென்று தனிப் பம்பு உண்டு. டயர்ப் பம்பு உதவாது. ஓட்டுபவர் ஏறி நின்றதும் மொத்த அளவில் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கினால் காற்று சரி.

கடையில் சோதிக்க

பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை முழுப் பலத்துடன் அழுத்தி, சட்டென்று விடுங்கள். ஃபோர்க் மெல்ல மேலெழுந்து அமைந்தால் உள்ளே அடக்கம் உண்டு. முன் சக்கரம் தரையை விட்டுத் துள்ளினால் உள்ளே ஸ்பிரிங்கு மட்டுமே. இச்சோதனைக்குக் கட்டணம் இல்லை. ஒரு நிமிடம் போதும். நாம் அன்று இதைச் செய்யவில்லை.

'லாக்-அவுட்' திருகு இருக்கிறது என்று பெருமை பேசுவார்கள். அது ஏற்றத்தில் ஃபோர்க்கை அசையாமல் நிறுத்தும் வசதியேயன்றித் தரத்துக்குச் சான்றன்று.

பின்னாளில் நல்ல ஃபோர்க் மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் வாங்கும் நாளிலேயே சட்டத்தின் கழுத்தைக் கவனிக்கவேண்டும். புதிய காற்று ஃபோர்க்குகளில் பல, மேலே ஒன்றேகால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைந்து, கீழே ஒன்றரை அங்குலமாக விரியும் கழுத்துடையவை. நேர்க்கழுத்துச் சட்டத்தில் அவை நுழைவதில்லை. அமுங்கும் அளவும் சட்டத்துக்கு ஒத்திருக்கவேண்டும். 100 மி.மீ. அளவுக்கு அமைந்த சட்டத்தில் 140 மி.மீ. ஃபோர்க்கைப் பொருத்தினால் முன்புறம் தூக்கி, கைப்பிடி சொன்னபடி கேளாது, சட்டமும் துன்புறும்.

வாங்கிய பின்

நல்ல ஃபோர்க்குக்கும் பேணுதல் வேண்டும். ராக்ஷாக்ஸ் நிறுவனம் ஓடிய ஒவ்வொரு 50 மணி நேரத்துக்கும் கீழ்க்குழாய்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றச் சொல்கிறது. ஃபாக்ஸ் நிறுவனத்தின் முழுப் பராமரிப்பு 125 மணிக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை. அந்தச் செலவையும் விலையோடு கூட்டியே மதிப்பிடவேண்டும். இவ்வூர் மழையில் ஓட்டி வந்த மாலையே உட்குழாய்களின் சேற்றை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். மணல் உள்ளே புகுந்தால் குழாயின் மெருகு கீறும். மெருகு கீறினால் எண்ணெய் நில்லாது.

நம் முடிபு

ரயில்வேயிலுள்ள அன்பர்களுக்கு 2024-இல் தசராவை ஒட்டிக் கிடைத்த போனஸ் 78 நாள் ஊதியம். உச்ச அளவு 17,951 ரூபாய். காற்று ஃபோர்க் பூட்டிய நல்ல சைக்கிள் அதற்குள் வாராது. ஆகவே, கையிலுள்ளது அவ்வளவுதான் என்றால் ஷாக்கரே வேண்டாம். அசையாத கவையும், அகன்ற டயர்களும், பிடித்தால் நிற்கும் பிரேக்குகளும் உள்ள சைக்கிளை வாங்குங்கள். அகன்ற டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் சிறு கற்களின் அதிர்ச்சியை அதுவே வாங்கிக்கொள்ளும். கல்லும் மேடும் கண்ட இடத்தில் பிள்ளை தானே நிதானிப்பான். அதுவே பெரும் பாதுகாப்பு. பொறுக்க முடிந்தவர்கள் ஈராண்டு சேமித்து மூன்றாம்படிக்கு நேராகச் செல்லலாம். இடையிலுள்ள பொய்ப்படியில் மட்டும் கால் வைக்கவேண்டாம்.

நம் தமக்கை மகன் இப்போது அசையாத கவையுள்ள சைக்கிளில்தான் டேக்டிக்குப் போகிறான். "இது ஏமாற்றுவதில்லை, மாமா" என்கிறான். நூலகத்தில் கேட்ட அன்பர் தம் மகனையும் அழைத்து வந்தால், இருவரும் சேர்ந்தே கடைக்குப் போய்க் கைப்பிடியை அழுத்திப் பார்க்க நாமும் துணை வருவோம்.

அடுத்த இதழில் தையல் இயந்திரங்களைப் பற்றிப் பேசுவோம். வணக்கம்.