கோபுரம் மட்டும் போதாது

ஸ்வீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால் இருக்கும் கிருணா, இரும்புத்தாதுவால் பிறந்த ஊர். அதே தாதுவால் இன்று இடம்பெயர்ந்துகொண்டிருக்கிறது. தாதுப் படிவம் ஊருக்கு அடியில் சரிந்து இறங்குவதால், தோண்டத் தோண்ட மேலே நிலம் விரிசல் விடுகிறது. ஊரை நகர்த்தியாக வேண்டும் என்று சுரங்க நிறுவனமான எல்கேஏபி 2004இல் அறிவித்தது. சுரங்கம் நின்றால் ஊருக்குப் பிழைப்பில்லை. நகர்த்தியதில் தவறு காண முடியாது. எதைக் காத்தார்கள், எதை இடித்தார்கள் என்பதில்தான் வழக்கு.

இடிபட்டது நகர மன்றக் கட்டடம். ஆர்தர் ஃபான் ஷ்மாலென்சே வடிவமைத்து 1963இல் திறக்கப்பட்டது. செங்கல் சுவர்களுக்குள்ளே விசாலமான பெருங்கூடம்; சுரங்கத் தொழிலாளியும் மன்ற உறுப்பினரும் ஒரே தரையில் நின்று பேசலாம். ஊரின் வரவேற்பறை என்றே அதைச் சொன்னார்கள். 1964இல் காஸ்பர் சாலின் கட்டடக்கலை விருதும், பிறகு பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற தகுதியும் கிடைத்தன. பிரித்து எடுத்துப் புது ஊரில் எழுப்பலாம் என்றுதான் முதலில் பேசினார்கள். கடைசியில் பாதுகாப்பு விலக்கப்பட்டது. ப்ரூர் மார்க்லுண்ட் உருவாக்கிய இரும்பு மணிக்கோபுரம் மட்டும் வண்டியேறியது. 2018இல் ஹென்னிங் லார்சன் நிறுவனம் வடிவமைத்த வட்ட வடிவப் புது மன்றம் திறந்தது. அடுத்த ஆண்டு பழையது தரைமட்டமானது.

செலவு அதிகம், செங்கல் கட்டடத்தைப் பெயர்ப்பது கடினம் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் 2025 ஆகஸ்டில் அதே ஊரின் 672 டன் எடையுள்ள மரத் தேவாலயத்தை அப்படியே தூக்கி ஐந்து கிலோமீட்டர் கொண்டுபோனார்கள். மனம் இருந்த இடத்தில் பணமும் பொறியியலும் வந்தன. வழிபடும் இடத்துக்குக் கிடைத்த அக்கறை, குடிமக்கள் கூடி வழக்காடும் இடத்துக்குக் கிடைக்கவில்லை.

பழியை நகராட்சியின் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். எல்கேஏபி முழுக்க ஸ்வீடன் அரசின் சொத்து. மரபுச் சின்னங்களைக் காக்க வேண்டியதும் அதே அரசு. தோண்டுகிறவனே காவல்காரனாகவும் இருந்தால் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும்? புது மன்றம் அழகானதுதான், ஆனால் அது இழப்பீடு, மீட்பு அல்ல.

தாதுவின் லாபம் நாட்டுக்குப் போகிறது என்றால், மக்கள் மன்றத்தைக் காக்கும் செலவும் நாட்டின் கணக்கில்தான் ஏற வேண்டும். பொதுக் கட்டடங்களில் எவை இடம் மாறும், யார் பணம் கொடுப்பார் என்பதை, லாபத்தில் பங்கில்லாத ஒரு அமைப்பு, சுரங்கம் அடுத்த அடி ஆழம் போகும் முன்பே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாத அரசு கிருணாவுக்குக் கடன்பட்டிருக்கிறது.