இடைச்செருகலும் ‘பிட்டு’ப் படமும்: ஒரு மறுப்புரை

தரங்குறைந்த திரைப்படங்கள் தமிழாய்வின் எல்லைக்குள் வாரா என்பர் நம்முள் பலர். ஒழுக்கக்கேடு என ஒதுக்கிவிட்டால் ஆய்வாளர் கடமை முடிந்தது என்பது அவர்தம் துணிபு. அத்துணிபு பிழையானது என்பதை ஜெர்மன் மொழிப் படங்களையும் நம்மவர் கண்ட ‘பிட்டு’ப் படங்களையும் சான்றாகக் கொண்டு நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜெர்மனியில் இவ்வகைப் படம் அறிவுரையின் பெயரால் தோன்றியது. ரிச்சர்ட் ஓஸ்வால்ட் 1917இல் பால்வினை நோய் பற்றியும் 1919இல் பரத்தமை பற்றியும் படம் எடுத்தார். இலாபம் ஒன்றையே கருதிய படங்களும் அவற்றோடு பெருகின; 1920இல் தணிக்கைச் சட்டம் பிறந்தது. 1967இல் மேற்கு ஜெர்மானிய அரசின் சுகாதார அமைச்சக ஆதரவுடன் ‘ஹெல்கா’ என்னும் பாலியல் கல்விப் படம் வெளியாகிப் பெருவெற்றி பெற்றது. அவ்வழியே 1970இல் தயாரிப்பாளர் வோல்ஃப் ஹார்ட்விக்கும் இயக்குநர் எர்ன்ஸ்ட் ஹோஃப்பவரும் ‘ஷூல்மேட்ஷன் ரிப்போர்ட்’, அதாவது ‘பள்ளி மாணவியர் அறிக்கை’, என்னும் படத்தை ஆக்கினர். 1980க்குள் 13 பகுதிகள் வெளிவந்தன.

இப்படங்களின் ஆக்கமுறை ஊன்றி நோக்கத்தக்கது. கியூந்தர் ஹூனோல்டின் நேர்காணல் நூலே முதற்படத்திற்கு மூலம். உளவியலாளர் ஒருவர் விளக்கம் கூறுவார். அதற்குச் சான்றாகத் தொடர்பற்ற சிறுகதைகள் வரும். நிருபர் தெருவில் நின்று பெண்களை வினவுவார். புகழ்பெற்ற நடிகரோ தொடர்கதையோ வேண்டியதில்லை. ஆகவே செலவு குறைவு. கள ஆய்வு, நேர்காணல், சான்று, விளக்கம் ஆகிய நான்கும் நம் ஆய்வேடுகளின் உறுப்புகள் அல்லவா? ஆடவர் எழுதிய கற்பனை இளம்பெண்களின் வாக்குமூலமாக விற்கப்பட்டது. நம் கருவியைக் கொண்டே பொய் புனைந்தோரை நாம் ஆராயாது வேறு யார் ஆராய்வது?

நம்மவர் கண்ட படங்களும் இத்தகையனவே. 2000இல் ‘கின்னாரத்தும்பிகள்’ பெற்ற வெற்றிக்குப் பின் அவ்வகை மலையாளப் படங்கள் பெருகின. அவை தமிழிலும் மொழிமாற்றம் பெற்றன. தணிக்கைச் சான்று பெற்ற படியில் சான்று பெறாத துண்டுகளைத் திரையரங்கிலேயே ஒட்டிக் காட்டும் வழக்கமும் இருந்தது. இதனையே மக்கள் ‘பிட்டு’ என்றனர்; ஏட்டுச்சுவடி பதிப்பிப்போர் இடைச்செருகல் என்பர். அரங்குதோறும் படம் வேறுபட்டது. ஒட்டப்பட்ட உடல் வேறொருத்தியுடையது. பழியோ முகம் தெரிந்த நடிகையைச் சேர்ந்தது. எது மூலம், எது செருகல், செருகியவர் யார் என வரையறுப்பது அப்பெண்ணுக்குச் செய்யும் நீதியுமாகும்.

இழிபொருளை ஆராய்வது இழிவு என்பது எதிர்வாதம். தமிழர் செறிந்து வாழும் பெங்களூரு ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டல் நகர் என்றும் பெயருண்டு. 1894இல் கன்னட-ஆங்கில அகராதியை வெளியிட்ட ஜெர்மானியர் ஃபெர்டினாண்ட் கிட்டல் நினைவாக அமைந்த பெயர் அது. உயர்சொல்லை மட்டும் ஏற்பவரால் அகராதி தொகுத்தல் இயலாது. காமச்சுவை மிக்க சீவக சிந்தாமணியை 1887இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்ததும் இங்கு எண்ணத்தக்கது.

மலையாளப் படங்களைப் பற்றித் தர்ஷனா ஸ்ரீதர் மினி ஆங்கிலத்தில் எழுதிய ‘ரேட்டட் ஏ’ 2024இல் வெளிவந்துள்ளது. பாடவேறுபாடு காண்பதில் நூற்றாண்டுப் பயிற்சியுடைய தமிழ்த்துறைகள் வாளாவிருத்தல் முறையன்று. படச்சுருள்கள் அழிவன, திரையரங்குகளும் மறைகின்றன, ஒட்டிய கைகளின் நினைவும் நில்லாது. முகஞ்சுளித்து ஒதுங்குவோர் ஒழுக்கத்தைக் காக்கவில்லை, செருகியவரையே காக்கின்றனர்.