நோயாளி சொல்லும் ‘சுருக்’

கிணத்துக்கடவு போன்ற வறண்ட வட்டாரங்களில் கோடை வந்துவிட்டால், கிணற்று மோட்டாரின் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுவதை உழவர்கள் மறப்பதில்லை. கரியும் உப்பும் இட்ட குழி காய்ந்துபோனால், மோட்டாரில் கசியும் மின்சாரம் மண்ணில் இறங்காமல் தொட்டவரின் உடல்வழியே இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்த எச்சரிக்கை நம் மருத்துவமனைகளில் இருக்கிறதா?

மின்கட்டிலின் இரும்புச் சட்டத்தைத் தொட்டதும் ‘சுருக்கென்றது’ என்று நோயாளி சொன்னால், பயத்தில் ஏதோ சொல்கிறார் என்று கடந்துபோவது எளிது. கணக்கு வேறு சொல்கிறது. வீட்டு மின்சாரத்தை விரல் உணரத் தொடங்குவது ஏறத்தாழ அரை மில்லியாம்பியரில். மருத்துவக் கருவிகளுக்கான ஐஇசி 60601 தரநிலை, இயல்பு நிலையில் அனுமதிக்கும் கசிவோ 0.1 மில்லியாம்பியர்தான். தொட்ட கணத்தில் மறைந்துவிடும் நிலைமின்னைத் தள்ளிவிட்டால், நோயாளி உணர்ந்தது வரம்பைப்போல் பல மடங்கு. அவருடைய புகார் ஓர் அளவீட்டுக்குச் சமம்.

உணரப்படாத கசிவு இன்னும் கொடியது. தோலின் மின்தடைதான் நம்மைக் காக்கிறது. தற்காலிக பேஸ்மேக்கர் கம்பி இதயம்வரை சென்றிருப்பவருக்கு அந்த அரண் இல்லை. அதனால்தான் இதயத்தோடு நேரடித் தொடர்புள்ள கருவிகளுக்கு வரம்பு 10 மைக்ரோஆம்பியராகச் சுருக்கப்பட்டது. 1971-இல் அமெரிக்காவின் ரால்ஃப் நேடர், ஆண்டுக்கு 1,200 பேராவது மருத்துவமனைகளில் மின்னதிர்ச்சியால் இறப்பதாக எழுதினார். அந்த எண் நிரூபிக்கப்படவில்லை. ஆயினும், அங்கே கருவிகளை முறையாகச் சோதிக்கும் வழக்கம் வலுப்பட அது காரணமாயிற்று.

இங்கே, 2017-இன் மருத்துவக் கருவிகள் விதிகள் 2020 ஏப்ரல் முதல் எல்லாக் கருவிகளையும் தழுவுகின்றன. கருவி தரமானதாக வரலாம். அது செருகப்படும் சுவரின் நிலை என்ன? மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை விட்டுவிட்டு, இரண்டு துளை பிளக் பாயிண்ட்டில் பொருத்தும் பழக்கத்தை எந்த உரிமமும் தடுக்காது. கரோனாவுக்குப் பின் மின்கட்டிலும் மானிட்டரும் வீடுகளுக்கே வந்துவிட்டன. பழைய வீடுகள் பலவற்றில் எர்த் கம்பி பெயரளவுக்குக்கூட இல்லை.

2015-இல் தொடங்கிய தேசிய உயிர்மருத்துவக் கருவிப் பராமரிப்புத் திட்டம், பழுதான கருவியை மீண்டும் இயங்கச் செய்வதையே முதன்மையாகப் பார்க்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கருவியின் கசிவையும் ஆண்டுக்கொரு முறை அளந்து, தேதியோடு அதன்மேல் ஒட்ட வேண்டும். எர்த் மின்தடையை மழைக்காலத்தில் அளந்து திருப்தி அடையாமல், மண் வெடித்துக் கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் அளக்க வேண்டும். ‘சுருக்கென்றது’ என்று நோயாளி சொன்ன கருவியைச் சோதித்து முடிக்கும்வரை அடுத்தவருக்குப் பயன்படுத்தக் கூடாது.