பிள்ளையின் கைக்கு ஒரு கை



பிழைப்பின் நிமித்தம் சொந்த ஊரை விட்டு வந்து மும்பையிலும் டில்லியிலும் புனேயிலும் அகமதாபாத்திலும் குடியிருக்கிற நமக்கு, விடுமுறைக்கு ஊருக்குப் போகிற பயணம் எளிதான காரியம் அல்ல. டில்லியிலிருந்து சென்னைக்கு மட்டும் இரயில் பாதையில் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். அங்கிருந்து நெல்லைக்கோ நாகர்கோவிலுக்கோ போக வேண்டியவர்களுக்கு இன்னும் ஓர் இரவுப் பயணம் இருக்கிறது. போகும்போது உறவினர்களுக்குத் துணிமணிகள். திரும்பும்போது கருப்பட்டி, வற்றல், ஊறுகாய், இடித்த மிளகாய்த் தூள், அம்மா கொடுத்துவிட்ட முறுக்கு டின். சூட்கேஸ்கள் இரண்டுதான் என்று தீர்மானித்துப் புறப்படுகிறோம். வாசலில் வந்து நிற்கும்போது அவற்றோடு கட்டைப்பை இரண்டு, சாப்பாட்டுக் கூடை ஒன்று, தண்ணீர்ப் பை ஒன்று என்று கூடிவிடுகின்றன. இந்தக் கூடுதல் பைகளைக் குறித்தே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். இது ஆவிக்குரிய பத்திரிகைக்கு ஏற்ற பொருளா என்று நீங்கள் கேட்கக்கூடும். எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களே தீர்மானியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஊரிலிருந்து திரும்பி, இரவு ஒன்பது மணி அளவில் ஒரு பெரிய இரயில் நிலையத்தில் இறங்கினோம். என் கணவர் கனமான சூட்கேஸையும் அரிசிப் பையையும் எடுத்துக்கொண்டு முன்னே சென்றார். மூத்தவன் கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னே போனான். என்னிடம் சக்கரம் வைத்த சூட்கேஸ் ஒன்று. அதன் கைப்பிடியில் ஒரு கட்டைப்பையைத் தொங்கவிட்டிருந்தேன். மறு கையில் இன்னொரு பை. ஆறு வயதான இளைய மகளிடம், "அம்மா கையில் இடமில்லை, பையைப் பிடித்துக்கொண்டு வா" என்று சொன்னேன். அவளும் கட்டைப்பையின் காதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

நடைமேம்பாலத்தின் சரிவில் கூட்டம் நெருக்கியது. தொங்கிக்கொண்டிருந்த பை ஆடி ஆடிக் கைப்பிடியிலிருந்து நழுவி விழுந்தது. டின் திறந்து முறுக்கெல்லாம் சிதறியது. நான் குனிந்து அகப்பட்டதை அள்ளிப் போட்டு, பையை மறுபடியும் மாட்டிவிட்டு நிமிர்ந்தேன். பைகள் எல்லாம் இருந்தன. பிள்ளை இல்லை.

அடுத்த பத்து நிமிடங்களை நான் விவரிக்கப் போவதில்லை. தாயாக இருக்கிற எவருக்கும் அது தெரியும். பாலத்தின் அடியில், வேறொரு தமிழ்க் குடும்பத்தாரோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். அந்தச் சகோதரி என்னைக் கண்டதும் சொன்னார்கள்: "அக்கா, உங்க பைன்னு நினைச்சு எங்க பையைப் பிடிச்சிக்கிட்டு வந்திருக்கா. கீழே இறங்கித்தான் பார்த்தோம்." அவர்கள் கையிலும் அதே ஜவுளிக்கடையின் அதே நிறக் கட்டைப்பை! நம் ஊர் இரயிலில் வந்திறங்கும் பத்துக் குடும்பங்களில் ஐந்து குடும்பங்களின் கையில் அந்தப் பை இருக்கும். பை விழுந்தபோது பிடி விட்டுப்போன என் மகள், கண்ணுக்கு முன் தெரிந்த அதே போன்ற பையைப் பிடித்துக்கொண்டு, நான் சொன்ன சொல்லுக்குக் கீழ்ப்படிந்து நடந்திருக்கிறாள். அவள்மேல் குற்றமில்லை. பிடித்துக்கொள்ள என் கையைக் கொடுக்காமல் ஒரு பையின் காதைக் கொடுத்தவள் நான். அந்தப் பிள்ளையைப் பத்திரமாகக் காத்துத் தந்த தேவனுக்கு ஸ்தோத்திரம்!

அன்று இரவு உறக்கம் வராமல் வேதத்தைத் திறந்தபோது, யாத்திராகமம் 12-ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. எத்தனையோ முறை வாசித்த பகுதி. அன்று ஒரு புதிய காரியத்தைக் கண்டேன். எகிப்தைவிட்டுப் புறப்படும் இஸ்ரவேலர், புளியாத மாவைப் பாத்திரத்தோடு வஸ்திரங்களில் கட்டித் தோளின்மேல் ஏற்றிக்கொண்டார்கள் என்று 34-ஆம் வசனம் கூறுகிறது. பஸ்காவைப் புசிக்கும்போதே கையில் தடி இருக்க வேண்டும் என்பதையும் 11-ஆம் வசனத்தில் பார்க்கிறோம். பிள்ளைகளைத் தவிர ஆறு இலட்சம் புருஷர் கால்நடையாய் நடந்தார்கள் என்றால், அந்தக் கூட்டத்தில் எத்தனை பிள்ளைகள் இருந்திருப்பார்கள்! சுமை தோளில் கட்டப்பட்டிருந்தது. ஒரு கையில் தடி. மற்றக் கை எதற்காகக் காலியாக இருந்தது என்று வேதம் சொல்லவில்லை. இரவில் பிள்ளைகளோடு நடந்த தாய்மாருக்கு அதைச் சொல்லித் தரவேண்டிய அவசியமும் இருந்திராது என்று எண்ணுகிறேன்.

லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் யோசேப்பும் மரியாளும் எருசலேமிலிருந்து திரும்பியதையும் நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதான இயேசு பிரயாணக்காரரின் கூட்டத்தில் இருப்பார் என்று அவர்கள் எண்ணிக்கொண்டு ஒருநாள் பிரயாணம் வந்துவிட்டார்கள். மூன்று நாளைக்குப் பின்னரே அவரைத் தேவாலயத்தில் கண்டார்கள். தேவபக்தியுள்ள பெற்றோர்தான், பண்டிகைக்குப் போய்த் திரும்பியவர்கள்தான். ஆயினும் "இருப்பான்" என்று எண்ணிக்கொள்வது வேறு, "இருக்கிறான்" என்று பார்த்து அறிந்துகொள்வது வேறு.

பிரியமானவர்களே, பைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுவதன் நோக்கம் பைகளைக் காப்பது மட்டுமன்று. பிள்ளையின் கைக்கோ, வயதான தாயின் கைக்கோ நம் கை ஒன்றை விடுவிப்பதே அதன் முதல் நோக்கம். அந்நாளுக்குப் பின் நானும் என் கணவரும் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டவற்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, எதன்மேல் எதை வைப்பது என்பது. கனமானவை யாவும் சூட்கேஸுக்குள்ளே, அதுவும் சக்கரத்தின் பக்கமாகப் போகட்டும். மேலே கட்டுகிற பை இலகுவாக இருக்கட்டும். சூட்கேஸின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. பையைக் கைப்பிடியில் தொங்கவிடாதீர்கள். தொங்குகிற பை ஆடும். ஆடுகிற பை நழுவும். சூட்கேஸின் தலைப்பகுதியில் உட்காரவைத்து, இழுப்புக் கைப்பிடியின் இரண்டு கம்பிகளிலும் சாயும்படி வையுங்கள். இரண்டு சக்கரப் பெட்டியைச் சாய்த்து இழுக்கும்போது பை கம்பிகளின்மேல் சாய்ந்து நிற்கும், கீழே விழாது. பெட்டியின் முன்பக்கத்தில் பையைக் கட்டினால், இழுக்கும்போது நன்றாக வரும். நிறுத்திக் கையை எடுத்தவுடன் முன்னால் குப்புற விழும்.

இரண்டாவது, எதனால் கட்டுவது என்பது. இப்போது விற்கிற பல தோள்பைகளின் முதுகில், இருபுறமும் தைத்த அகலமான நாடா ஒன்று இருக்கும். கைப்பிடிக் கம்பிகளை அதற்குள் நுழைப்பதற்காகவே அதைத் தைத்திருக்கிறார்கள். புதிய பை வாங்கும்போது அது உண்டா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாத பைக்கு, பக்கிள் வைத்த நைலான் பெல்ட் போதும். பையின் இரண்டு காதுகளுக்குள்ளும் பெல்ட்டை நுழைத்து, கம்பிகளைச் சுற்றிக் கொண்டுவந்து இறுக்குங்கள். பெல்ட் இல்லையேல் ஒரு பருத்தித் துண்டு உதவும். ஆனால் ஓர் இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகப் போடுங்கள். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றை நான் பரிந்துரைப்பதில்லை. அது தெறித்தால் கொக்கி முகத்தை நோக்கி வரும்; பெட்டியின் அருகே நிற்கிற பிள்ளையின் கண்களோ அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. எதைக் கட்டினாலும் மீதி நுனியை உள்ளே செருகிவிடுங்கள். சக்கரத்தில் சிக்கினால் பெட்டியே கவிழும்.

மூன்றாவது, எப்போது அவிழ்ப்பது என்பது. சமதரையில் மட்டுமே கட்டு உதவும். படிக்கட்டிலும், நகரும் படிக்கட்டிலும், இரயில் பெட்டியில் ஏறும்போதும் பைகளைத் தனித்தனியாக்கிவிட வேண்டும். வழியிலுள்ள பல நிலையங்களில் இரயில் இரண்டே நிமிடங்கள்தான் நிற்கும். அங்கே முடிச்சோடு போராட நேரமில்லை. ஆகையால், யார் எதைத் தூக்குவது, யார் பிள்ளையோடு முதலில் ஏறுவது என்பதை வண்டி வருவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். நான்கு சக்கரப் பெட்டி நிற்க வைத்தால் தானாகவே உருளும். மேலே பை இருந்தால் இன்னும் எளிதாக உருளும். பிளாட்பாரத்தில் அதைப் படுக்க வைத்துவிடுங்கள். இரயிலில் ஏறிய பின், கீழ்ப்படுக்கையின் அடியில் உள்ள வளையத்தில் சங்கிலியை மாட்டி, எல்லாப் பைகளின் காதுகளிலும் நுழைத்துப் பூட்டுங்கள்.

நான்காவது, எதைக் கட்டக்கூடாது என்பது. பணம், பயணச்சீட்டு, அடையாள அட்டை, மருந்து, மூக்குக்கண்ணாடி, வீட்டுச் சாவி ஆகியவை ஒரு சிறிய பையில் உங்கள் உடலோடு இருக்க வேண்டும். பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதிய தாள் ஒன்றை வையுங்கள். உங்கள் கட்டைப்பையின் காதில் ஒரு வண்ணத் துணியையும் கட்டிவையுங்கள். அதன் அருமை எனக்குத் தெரியும்!

விமானத்தில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேர்த்துக் கட்டியதனால் இரண்டு பைகள் ஒன்றாகிவிடுவதில்லை. உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்பில் பொதுவாக ஒரே கைப்பைதான், 7 கிலோ வரை அனுமதி. எடை போட்டு உள்ளே அனுப்பும் பெட்டியிலிருந்து பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். தொங்குகிற நாடா இயந்திரத்தில் சிக்கக்கூடும். மேலிருந்த சிறு பையையும் அத்தோடு அனுப்ப நேர்ந்தால், அதிலுள்ள பவர் பேங்கை எடுத்துக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். இரயிலிலும் அளவு உண்டு. ஸ்லீப்பர் வகுப்பிலும் ஏ.சி. மூன்றடுக்கிலும் ஒருவருக்கு 40 கிலோ, ஏ.சி. இரண்டடுக்கில் 50 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுசெல்லலாம்.

புறப்படுவதற்கு முந்தின நாள், எல்லாவற்றையும் கட்டி, தெருமுனை வரை இழுத்துச் சென்று திரும்பி வாருங்கள். அண்டை வீட்டார் பார்த்துச் சிரிக்கலாம், பரவாயில்லை. ஒரு கையில் பெட்டியும் மறு கையில் பிள்ளையுமாக உங்களால் நடக்க முடிகிறதா? முடியவில்லையென்றால் கட்டைக் குறை சொல்லாதீர்கள்; சுமை மிகுதி. ஒரு பையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இதுதான் கடினம் என்பதை அறிவேன். ஊரில் "என்ன கொண்டுவந்தாய்" என்று கேட்பார்களே என்கிற எண்ணம் ஒரு பை. "நகரத்தில் நன்றாக இருக்கிறோம்" என்று காட்டவேண்டும் என்கிற ஆசை இன்னொரு பை. அம்மா கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல மனம் வராதது மூன்றாவது பை. முதல் இரண்டையும் தாராளமாக இறக்கி வைக்கலாம். மூன்றாவதை நான் இன்றும் சுமக்கிறேன். ஆனால் டின்னில் அல்ல, சூட்கேஸின் உள்ளே துணிகளுக்கு நடுவில் பொதிந்து. அப்போஸ்தலனாகிய பவுலும் தன் மேலங்கியைத் துரோவாவில் கார்ப்புவினிடத்தில் வைத்துவிட்டே வந்திருந்தார் என்று 2 தீமோத்தேயு 4:13 காட்டுகிறது. தேவையான வேளையில், எடுத்துவரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதினார். எல்லாவற்றையும் எல்லா இடத்திற்கும் சுமந்து திரிய வேண்டுவதில்லை.

என் மகளுக்கு இப்போது என்னைவிட உயரம். இரயிலை விட்டு இறங்கினால் கனமான பெட்டியை அவளே எடுத்துக்கொள்கிறாள். ஆனாலும் நடைமேம்பாலத்தில் ஏறும்போது, ஒன்றும் சொல்லாமல் தன் மறு கையை என்னிடம் நீட்டுகிறாள். நானும் ஒன்றும் சொல்லாமல் பிடித்துக்கொள்கிறேன்.

ஜெபிப்போம்: எங்களை வழிநடத்துகிற அன்பின் பரம பிதாவே, ஊருக்குப் போகிற எங்கள் குடும்பங்களைப் போக்கிலும் வரத்திலும் காத்தருளும். எங்கள் கைகள் பொருள்களால் நிறைந்து, நீர் எங்களுக்குத் தந்த பிள்ளைகளை நாங்கள் விட்டுவிடாதபடி எங்களுக்கு ஞானத்தைத் தாரும். வேண்டாத சுமையை இறக்கிவைக்கும் மனதையும் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், எங்கள் ஜீவனுள்ள நல்ல பிதாவே. ஆமென்.