மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்

அலுவலக மேசையைச் சுத்தமாக வைத்திருப்பதால் என்ன நன்மை என்று யாரைக் கேட்டாலும் ஒரே பட்டியல்தான் வரும். நேரம் மிச்சமாகும், மனம் தெளிவாக இருக்கும், மேலதிகாரி பாராட்டுவார். எல்லாம் சரிதான். ஆனால் இவை எல்லாமே மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைப்பவை. அந்தப் பக்கம் நிற்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

வால்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தொழிலாளர்களில் பெரும்பாலானோருக்கு வேலைக்குப் போனால்தான் அன்றைய கூலி. ஒரு கையெழுத்துக்காக எஸ்டேட்டிலிருந்து பஸ் பிடித்து டவுனுக்கு வந்தால் ஒருநாள் சம்பளம் போச்சு. வந்தவரிடம் "ஃபைலைக் காணோம், நாளைக்கு வாங்க" என்றால் இரண்டாவது நாளும் போச்சு. மேலே முறையிடலாம் என்றால் 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, பொள்ளாச்சி தாண்டிக் கோவைக்குப் போக வேண்டும்!

ஓய்வு பெறும்போது விஷயம் இன்னும் பெரிது. ஓராண்டு வேலைக்கு 15 நாள் சம்பளம், அதையும் 30 நாட்களுக்குள் தர வேண்டும் என்று பணிக்கொடைக்கு விதி வகுத்தது 1972ஆம் ஆண்டுச் சட்டம். முப்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய தொகை! அத்தனை வருடம் அவர் உழைத்ததற்குச் சாட்சி ஆபீஸ் பதிவேடுதான். அதில் "மாரியாயி" என்றும் ஆதாரில் "மாரியம்மாள்" என்றும் இருந்தால், பழைய காகிதத்தைத் தேடி எடுத்தே ஆக வேண்டும்.

தேடினால் கிடைக்குமா? தமிழகத்தில் அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் எங்கும் ஈரம். குவித்துப் போட்ட காகிதங்கள் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மற்ற ஊரில் அடுக்காத மேசை வெறும் சோம்பல் என்றால், இங்கே அது நஷ்டம்.

இதற்கான வழி நம் அரசு அலுவலகங்களில் நெடுங்காலமாகவே இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் அழைக்கப்படும் முறை அது. வருகிற ஒவ்வொரு தபாலுக்கும் எண் கொடுத்து எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை ஓராண்டு வைப்பதா, மூன்றாண்டா, பத்தாண்டா, நிரந்தரமாகவா என்று அப்போதே முடிவு செய்ய வேண்டும். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. மேசையில் குவிவது பெரும்பாலும் முடிவெடுக்காமல் தள்ளிப்போட்ட வேலை. துணியால் துடைப்பதால் அது குறையாது.

"ஐன்ஸ்டீன் மேசையே குப்பையாகத்தானே இருந்தது" என்பவர்கள் உண்டு. உண்மைதான். 1955இல் அவர் இறந்த அன்று எடுத்த புகைப்படத்தில் காகிதங்கள் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஆனால் ஐன்ஸ்டீனிடம் பணிக்கொடைக்காக யாரும் வரிசையில் நிற்கவில்லையே! தன் சிந்தனைக்கு மட்டும் மேசை வைத்திருப்பவர் எப்படியும் வைத்துக்கொள்ளட்டும். பிறருடைய காகிதத்தை வைத்திருப்பவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இ-சேவை மையத்தில் பல சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்கலாம், இனி மேசை எதற்கு என்றும் கேட்கலாம். பழைய பதிவேடுகள் இன்னும் காகிதத்தில்தான் இருக்கின்றன. தவிர, "நியூ ஃபோல்டர் 1, 2, 3" என்று நிரம்பி வழியும் திரையும் ஒரு குப்பை மேசைதான்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. மாலையில் கிளம்புமுன் பத்து நிமிடம் ஒதுக்கி, முடிந்ததைக் கட்டி அலமாரியில் வைத்து, முடியாததை மேலே எடுத்து வைத்தால் போதும். மறுநாள் காலை வருபவர் மதிய பஸ்ஸிலேயே எஸ்டேட் திரும்பிவிடலாம்.