ஈரம் இங்கே, ஓட்டை எங்கே?

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தில் கீரமங்கலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. மல்லிகையும் முல்லையும் சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து வந்து குவியும் ஊர். பலாவுக்கும் தேங்காய்க்கும் பேர் போன பூமி. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அடித்த கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னைகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நக்கீரர் பெயரால்தான் ஊருக்குப் பெயர் வந்தது என்று ஊரார் சொல்கிறார்கள். பரமசிவன் பாட்டிலேயே குற்றம் கண்டதாகக் கதையில் வருகிறவர் அல்லவா அவர்! அவருடைய ஊரில், ஒரு பழைய லாரியில் குற்றம் கண்டுபிடித்த கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஐப்பசி மாதத்தில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போயிருந்தேன். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கையில் குடை இல்லாத பத்திரிகைக்காரனுக்குப் புகலிடமாக ஒரு டிங்கரிங் பட்டறையின் தகரக் கொட்டகை கிடைத்தது. நான் ஒதுங்கிய ஐந்தாவது நிமிஷம் ஒரு லாரி உள்ளே வந்து நின்றது. இருபது வயது தாண்டிய லாரி. கம்பெனிப் பெயர் வேண்டாம். முதுமைக்குக் கம்பெனி வித்தியாசம் கிடையாது.

சொந்தக்காரரே ஓட்டி வந்தார். இறங்கும்போதே, "மேஸ்திரி, கேபினுக்குள்ளே தண்ணி நிக்குது. எல்லாம் இந்தப் பயலால வந்த வினை" என்றார்.

'இந்தப் பயல்' என்பது கிளீனர். பத்தொன்பது வயது இருக்கலாம். நனைந்தபடி ஓரமாக நின்றான்.

வழக்கு இதுதான். தேங்காய் ஏற்றிக்கொண்டு வெளியூர் போனால் இரவில் சாலையோரம் லாரியை நிறுத்துவார்கள். காவலுக்குப் பையன் கேபினிலேயே படுத்துக்கொள்வான். மழை பெய்த இரவுகளில், பொழுது விடிந்து பார்த்தால் இடப்பக்கம், அவன் காலடியில், தண்ணீர் தேங்கியிருக்கும். போன வாரம் ஸீட்டுக்கு அடியிலிருந்த ஆர்.சி. புத்தகம், பெர்மிட், இன்ஷூரன்ஸ் எல்லாம் ஊறிக் கூழாகிவிட்டன. ஜன்னல் கண்ணாடியை ஏற்றாமல் தூங்கிவிட்டான் என்று சம்பளத்தில் ஐந்நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டார் முதலாளி.

"ஏத்திட்டுத்தாண்ணே படுத்தேன்" என்றான் பையன். அது எத்தனையாவது தடவையோ!

"நம்ம வீட்டு வாசல்ல ராத்திரி பூரா மழையில நிக்குது. ஒரு சொட்டு இறங்கல. இவன் படுத்தா மட்டும் ஒழுகுது. அப்ப யார் மேல தப்பு?"

வாசகர்களே, ஒளிப்பானேன்? நானும் அந்தக் கேள்வியில் மயங்கிப் பையன் மேல்தான் தப்பு என்று தீர்மானித்துவிட்டேன்.

மேஸ்திரி தீர்ப்புச் சொல்லவில்லை. குனிந்து தண்ணீரில் விரலைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் கலந்த தண்ணீராக இருந்தால் நிறம் இருக்கும், வழவழப்பு இருக்கும். வெயில் நாளில் ஓட்டினாலும் கசியும். இது வெறும் தண்ணீர். மழைநாளில் மட்டும் வருவது. ஆகவே ரேடியேட்டர் நிரபராதி.

பிறகு பாட்டரி ஒயரைக் கழற்றினார். ஸீட்டை வெளியே எடுத்தார். தரை ரப்பரைத் தூக்கிவிட்டு ஸ்குரூ டிரைவரால் தகரத்தை அழுத்தினார். இடது மூலையில் முனை 'பொசுக்'கென்று உள்ளே போய்விட்டது! நாம் ஈரத்தைத் துடைத்துவிட்டு நிம்மதியாக இருப்போம். ரப்பருக்கு அடியில் அது காயாமல் கிடந்து தகரத்தைத் தின்னும். அந்த லாரியில் பியூஸ் பெட்டியும் அதே மூலையில்தான் இருந்தது. அங்கே தண்ணீர் புகுந்தால், இருட்டில் விளக்கு அணைந்துபோவது முதல் ஒயர் கருகுவது வரை எதுவும் நடக்கலாம். எட்டு வயது தாண்டிய சரக்கு லாரிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். தரை உளுத்த லாரியோடு அங்கே போய் நிற்க முடியுமா?

"மேலே தண்ணிய அடிச்சுப் பாருங்க மேஸ்திரி" என்று அவசரப்பட்டார் முதலாளி.

"மேலேர்ந்து ஊத்தினா கீழே இருக்கிற எல்லா ஓட்டையும் ஒண்ணா நனையும். எது திருடன்னு எப்படித் தெரியும்?" என்றார் மேஸ்திரி.

எனக்கு அன்று கிடைத்த முதல் பாடம் இது. கேபினைத் துடைத்து உலர்த்தி, பழைய செய்தித்தாள்களை விரித்தார். பையன் கையில் டார்ச்சைக் கொடுத்து உள்ளே உட்கார வைத்தார். ரப்பர் குழாயால் கீழிருந்து மேலாக, ஓர் இடத்துக்கு ஐந்து நிமிஷம் வீதம் தண்ணீர் பாய்ச்சினார்.

முதலில் கதவு. கதவுக்குள் மழைத் தண்ணீர் போவது குற்றமே அல்ல என்பது உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகக் கொஞ்சம் போகத்தான் செய்யும். அது வெளியேறுவதற்கென்றே கதவின் அடி ஓரத்தில் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். யாரோ ஒரு புத்திசாலி அவற்றில் இரண்டை 'ஓட்டை' என்று நினைத்துப் பட்டி வைத்து அடைத்திருந்தார்! மேஸ்திரி கம்பியால் குத்தித் திறந்துவிட்டார். அடைக்கக்கூடாத ஓட்டையும் உலகில் உண்டு.

அடுத்து முன் கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங். ஒன்றும் இல்லை. கடைசியில் கூரை. பத்து நிமிஷம் ஊற்றியும் செய்தித்தாள் காய்ந்தபடியே இருந்தது.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல!" என்றார் முதலாளி. பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

மேஸ்திரி குழாயைக் கீழே போட்டுவிட்டுப் பையனிடம் வந்தார். "தம்பி, ராத்திரி வண்டி எப்படி நிக்கும்?"

"ரோட்டோரமாண்ணே. இடது சக்கரம் ரெண்டும் மண்ணுல இறங்கி நிக்கும்."

மேஸ்திரி முகம் மலர்ந்தது. வலப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னால் கனமான பலகைகளைப் போட்டு லாரியை ஏற்றச் சொன்னார். லாரி இடப்பக்கம் சாய்ந்து நின்றது. மறுபடி கூரையில் தண்ணீர். ஏழாவது நிமிஷம், "அண்ணே, சொட்டுது!" என்று உள்ளிருந்து ஒரு கூச்சல்.

கூரையின் உட்புறம் அடித்திருந்த பிளைவுட்டைக் கழற்றினார்கள். துருவினால் கோடு போட்டதுபோல் தண்ணீர் நடந்த பாதை தெரிந்தது. கூரை மேலே சாமான் வைக்கிற கேரியரைப் பிடித்திருந்த ஒரு போல்ட்டின் ரப்பர் வாஷர் உளுத்துப்போயிருந்தது. கூரை நடுவில் சற்று உயர்ந்தது. சமதரையில் அந்தப் போல்ட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் வலப்பக்கம் வழிந்துவிடும். லாரி சாய்ந்தால் அந்தச் சரிவு மட்டமாகித் தண்ணீர் அங்கே குளம் கட்டும். துளை வழியே இறங்கி, குறுக்குச் சட்டத்தை ஒட்டியே ஊர்ந்து, இடது மூலைத் தூண் வழியாகப் பையன் காலடிக்கு வந்துவிடும்.

போல்ட் இருந்தது எங்கே தெரியுமா? முதலாளி உட்கார்ந்து ஓட்டுகிற இடத்துக்கு நேர் மேலே!

பரிகாரம் பெரிய காரியமில்லை. போல்ட்டைக் கழற்றி, துருவைப் பளபளப்பான இரும்பு தெரியும் வரை சுரண்டி, துளை பெருத்த இடத்தில் தகரத் துண்டு வைத்துப் பற்றவைத்து, ரெட் ஆக்ஸைடும் பெயின்டும் அடித்தார்கள். புது ரப்பர் வாஷரின் அடியில் சீலன்ட் தடவி முடுக்கினார்கள். மேலே அப்பினால் பயனில்லை. அடியில் தடவ வேண்டும். அதிலும் காடி நெடி அடிக்கிற சிலிக்கான் கூடாது. அது காயும்போது வெளிவிடும் அமிலம் இரும்பை அரிக்கும். உளுத்த தரையை வெட்டிப் புதுத் தகரம் வைத்தார்கள். மறுநாள் ஊர் திரும்புமுன் எட்டிப் பார்த்தேன். லாரியைப் பலகைமேல் சாய்த்து நிறுத்திப் பத்து நிமிஷம் தண்ணீர் ஊற்றினார்கள். உள்ளே செய்தித்தாள் நனையவில்லை.

முதலாளி வெகு நேரம் பேசாமல் நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பையனிடம் நீட்டி, "எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வா" என்றார், கூடவே, "அது உன் பணம்தான். டீக்கு நான் தனியாத் தர்றேன்" என்றார். சில பேருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்த பாஷை இவ்வளவுதான். பையன் சிரித்துக்கொண்டே ஓடினான்.

நேயர்களே, உங்களிடம் லாரி இல்லாமல் இருக்கலாம். வீடு இருக்கிறது, வீட்டில் மனிதர்கள் இருக்கிறார்கள். எங்கேயாவது ஈரத்தைக் கண்டால், அதன் பக்கத்தில் படுத்திருப்பவரை அதட்டுவதற்கு முன் ஏணியை எடுத்து வைத்து மேலே ஒரு தடவை ஏறிப் பார்த்துவிடுங்கள். குற்றம் கண்டுபிடிப்பது நல்ல காரியந்தான். அது இருக்கிற இடத்தில் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவே!